உன் அப்பா புதன்கிழமைகளில் எங்கே போனார்

கண்ணு, பெரிய விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு சின்ன மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ ஆறாம் வகுப்பில் "எங்கம்மா இங்கிலீஷ் நாவல் படிக்கும்" என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தாயே, அது பொய். தலையணைக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த அந்த அட்டை கிழிந்த துப்பறியும் புத்தகங்களில் ஒரு வரி கூட நான் படித்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இங்கிலீஷ் எங்கிருந்து வரும்? அட்டைப்படத்தைப் பார்ப்பேன், நீ எட்டிப் பார்த்தால் ஒரு பக்கத்தைத் திருப்புவேன், அவ்வளவுதான். ஒருநாள் உன் வாத்தியார் நம் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகள் பக்கம் வந்தவர், "உங்களுக்கு எந்த நாவலுங்க ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டார். அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே ஓடி, அவர் போகும்வரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வைத்தது தயிர்ச்சோறு. வெங்காயத்துக்கு வேலையே இல்லை.

ஆனால் கதை அத்தனையும் எனக்குத் தெரியும், அது பொய்யில்லை. குன்னூரில் நான் சமைக்கப் போன வீட்டு டீச்சரம்மாவை உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயரான பிறகு அவருக்கு இருந்த ஒரே துணை புத்தக அலமாரிதான், என் தலையணைப் புத்தகங்களும் அதிலிருந்து வந்தவைதான். இங்கிலாந்தில் முன்னொரு காலத்தில் இருந்த ஓர் அம்மா எழுதிய கொலைக் கதைகள். அவர் பெயரை டீச்சரம்மா எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்தும் என் வாயில் நுழையவில்லை. நான் "கொலைக்கார அம்மா" என்றே சொல்லிப் பழகிவிட்டேன். மத்தியானம் நான் கேரட் அரிந்துகொண்டிருப்பேன், டீச்சரம்மா ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்வார். கடைசி அத்தியாயத்துக்கு முந்தின நாள் புத்தகத்தை மூடிவிட்டு, "யாரு செஞ்சிருப்பா, சொல்லு" என்பார். மறுநாள் காலை நான் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லுவேன். முக்கால்வாசி சரியாகவே இருக்கும். ரொம்ப நல்லவராக, ஓடி ஓடி உதவி செய்கிற ஆள் எவரோ அவரைக் காட்டினால் போதும். ஆனால் என் வாயும் சும்மா இருக்காதே. "ஏனுங்க டீச்சர், செத்த ஆளுக்கு அந்த ஊட்டுல ஒருத்தரு கூட அழுவலியே? பொணம் கெடக்குது, இவங்க பாட்டுக்கு டீ குடிக்கறாங்க!" என்று கேட்பேன். "அழுதுட்டு உக்காந்தா கதை நகராது, மேரி. நீ கேரட்டைப் பாரு" என்பார்.

இன்னொன்றும் கேட்பேன். டீயில் விஷம் என்று தெரிந்தால், அந்தக் கப்பைக் கழுவினவளைத்தானே முதலில் கேட்க வேண்டும்? அவளை யாரும் கேட்பதேயில்லை. அதனாலேயே எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. கப் கழுவுகிறவள் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் நடக்காது, நம் லைனில் பன்னிரண்டு வீட்டு ரகசியமும் என் விரல் நுனியில் என்கிற திமிர். செல்லம்மாக்காவின் காணாமல் போன கோழியை நான்தானே கண்டுபிடித்தேன். அதன் பிறகு எல்லோரும் என்னை "சிஐடி" என்றே கூப்பிட்டார்கள். உன் அப்பாவும் கூப்பிட்டார்.

போன வாரம் நீ பெங்களூரிலிருந்து போன் பண்ணிப் பேசினாயே, அப்போது உன் குரலில் நான் கேட்டது என் குரலைத்தான். உனக்குப் பேசி முடித்த எஸ்தர் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் போனை அணைத்து வைக்கிறாள். கேத்தியிலிருந்து பஸ் ஏறி ஊட்டியில் இறங்குகிறாள், உன் சிநேகிதன் பார்த்திருக்கிறான். வீட்டில் கேட்டால் சர்ச்சுக்கு என்கிறார்கள், சர்ச் கேத்தியிலேயே இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினாய். "அம்மா, நீ போயி என்னன்னு பாத்துட்டு வா. உனக்குத்தான் இதெல்லாம் வரும். ஞாயித்துக்கெழமைக்குள்ள தெரியலைன்னா பத்திரிகை அடிக்க வேண்டாம்னு அவங்க ஊட்டுக்குச் சொல்லிருவேன்" என்றாய். அப்பா இறந்த வருஷம் திரும்பட்டும் என்று தள்ளிவைத்த கல்யாணம். அதை நிறுத்துவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறாய். அதனால்தான் கண்ணு, உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய். எழுதி முடித்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் திறக்காதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

உன் அப்பா சாகும்போது அத்தை வீட்டில் எதற்கு இருந்தார்? கூரை மாற்ற ஒத்தாசைக்குப் போனார் என்று உன்னிடம் சொன்னேன். ரோசி அத்தையையும் அப்படியே சொல்ல வைத்தேன். நடுவட்டத்தில் அவள் வீட்டுக் கூரைக்கு ஒரு குறையும் இல்லை. நான்தான் அவரை அனுப்பினேன். அனுப்பினேன் என்பதே கூட மரியாதையான சொல்.

எஸ்தரைப் பேசி முடித்த நாள் ஞாபகமிருக்கிறதா? அவர்கள் வீட்டார் நம் லைனுக்கு வந்து, எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்த நேரம். அப்பாவுக்கு அப்போதே முன்பல் ஒன்று போயிருந்தது, மற்றதெல்லாம் வெற்றிலை புகையிலையில் கறுத்து ஆடிக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்தேனா? "சம்பந்தியம்மா, கல்யாணப் போட்டோவுல இவரு மட்டும் சிரிக்காம பாத்துக்கணுமுங்க. சிரிச்சா கேமராக்காரன் ஓடிருவான்" என்றேன். கூடம் அதிரச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்பாவும் சிரித்தார், வாயைக் கையால் மூடிக்கொண்டு. நான் அந்தக் கையைப் பார்த்தேன், அதில் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த மாதத்திலிருந்து அவர் புதன்கிழமைகளில் காணாமல் போக ஆரம்பித்தார். ஃபேக்டரியில் வார ஓய்வை மாற்றி வாங்கிக்கொண்டு, குளித்து, துவைத்த சட்டை போட்டு, ஊட்டிக்கு ஒன்பது மணி பஸ். எங்கே என்றால், "சும்மா, ஒரு வேலை." முப்பது வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தியும் விடாத புகையிலையை ஒரே நாளில் விட்டார். யாரோ சொல்லித்தானே விட்டிருக்க வேண்டும்? ஜன்னல் ஓரம் மாட்டியிருந்த கண்ணாடியில் நின்று நின்று முகம் பார்த்தார். சட்டையில் ஏதோ வாசனை, கிராம்பும் மருந்துமாக. அவர் போனில் ஒரு பெண் குரல், "புதன்கிழமை பதினொண்ணுக்கு மறக்காம வந்துருங்க" என்றது. எடுத்தது நான் என்று தெரிந்ததும் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். வீட்டில் சோறு வேண்டாம், கஞ்சி போதும் என்றார். வெளியே எங்கோ சாப்பிடுகிறவருக்குத்தான் வீட்டில் கஞ்சி போதும் என்று நான் கணக்குப் போட்டேன். பேச்சும் குறைந்தது. மப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நம் மலையில் மப்ளரை யார் சந்தேகப்படுவார்கள்? பிறகு நானே பேச்சை நிறுத்திவிட்டேன். அவர் ஷிப்ட் முடிந்து வரும் நேரம் நான் டீச்சரம்மா வீட்டில், நான் வரும் நேரம் அவர் ஃபேக்டரியில். கஞ்சியை மூடிவைத்துவிட்டுப் போவேன். அவர் சட்டைப்பையைத் தினமும் துழாவினேன். முகத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை.

பிறகு நான் செய்ததை எழுதக் கை ஓடவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கொலைக்கார அம்மாவின் கதைகளில் கடைசியில் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்கார வைப்பார்கள் அல்லவா? துப்பறிகிறவர் நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லி, கடைசியில் விரலை நீட்டுவார். எனக்கு அந்த இடம் எப்போதும் பிடிக்கும். நானும் அப்படியே செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், சர்ச்சிலிருந்து நாலு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி வந்து போட்டேன். நடுவட்டத்திலிருந்து ரோசி அத்தையை வரச் சொன்னேன். பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்காவையும் அப்பாவின் மேஸ்திரியையும் கூப்பிட்டேன். டீயும், கடித்தால் மொறுமொறுக்கிற ஊட்டி வர்க்கியும் வைத்தேன். என்னவோ பிறந்தநாள் என்று நினைத்து மேஸ்திரி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

நான் நின்றுகொண்டு சொன்னேன். புகையிலை, கண்ணாடி, வாசனை, போன், கஞ்சி, புதன்கிழமை. ஒன்றையும் விடவில்லை. டீச்சரம்மா சொல்கிற மாதிரியே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ரோசி அத்தை, "அண்ணி, விடுங்க, உக்காருங்க" என்றாள். மேஸ்திரி வர்க்கியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் இருந்தார். உன் அப்பா அசையவில்லை. தட்டு அவர் முன்னால் இருந்தது, அதில் ஒரு துண்டு கூட எடுக்கவில்லை. "பாத்துக்குங்க, குத்தமுள்ள நெஞ்சுக்கு வர்க்கி எறங்குதா?" என்றேன் நான்.

"இல்லைன்னா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாலு பேரு முன்னால வாயத் தொறந்து சொல்லுங்க, நான் உங்க கால்ல விழறேன்" என்றேன்.

அவர் வாயைத் திறக்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார். மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றினார். எழுந்து போய் ஒரு பையில் இரண்டு வேட்டியைப் போட்டுக்கொண்டு அத்தையோடு பஸ் ஏறிவிட்டார். "பாத்தியா அக்கா, கதை முடிஞ்சுது" என்று செல்லம்மாக்காவிடம் சொல்லிவிட்டு, நான் ஆறிப்போன டீயை எல்லாம் ஊற்றிவிட்டுக் கப் கழுவினேன்.

ஒன்பதாம் நாள் காலை வெயில் காய உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நீ பெங்களூரிலிருந்து வந்துசேர்ந்தாய். நான் அழவில்லை, நீ பார்த்திருப்பாய். "மேரி எவ்வளவு தைரியமா இருக்கா பாரு" என்றார்கள். நான் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி சரியாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ திரும்பிப் போன பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவர் போன் அடித்தது. அதே பெண் குரல். "ரெண்டு புதன்கிழமையா அப்பா வரலீங்களே. பல் செட்டு ரெடியா இருக்குதுங்க. வந்து போட்டுப் பாத்தா, தேய்க்கறது கீய்க்கறது இருந்தா பண்ணிக் குடுத்துருவோம்." நான் போனேன். ஊட்டியில் ஒரு மாடிமேல் பல் டாக்டர். அந்தப் பெண்ணுக்கு உன் எஸ்தர் வயதுகூட இராது. ஒவ்வொரு புதனும் இரண்டு மூன்றாகப் பிடுங்கியிருக்கிறார்கள். பின்பல்லிலிருந்து ஆரம்பித்து, முன்பல் எல்லாம் கடைசிப் புதன்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் முன்னால். "பையன் கல்யாணப் போட்டோவுல சிரிக்கணும்னு சொல்லிட்டே இருப்பாருங்க. ஊட்டுல தெரியக் கூடாது, தெரிஞ்சா எங்கூட்டம்மா பட்டப்பேரு வெச்சுருவா, லைன் பூராவும் கூப்புடும்னு சொல்லிச் சிரிப்பாருங்க" என்றாள். அவர் இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வரவில்லை. கொடுத்த டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ரோசி அத்தையிடம் கேட்டேன். அவளுக்கு அன்றைக்குப் பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டதாம், மப்ளரை இறக்கிக் காட்டியிருக்கிறார். "திரும்பிப் போயி சொல்லிரலாம் வாண்ணான்னு நானும் சொன்னேன் அண்ணி. போச்சாது, பரவால்ல போ, செட்டு வரட்டும், வந்த மறுநாளே போயி அவ முன்னாடி ஈன்னு சிரிக்கறேன், அதுவரைக்கும் சிஐடிம்மா யோசிச்சுட்டு கெடக்கட்டும்னாரு" என்றாள். சொல்லிவிட்டு அவள் அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

எனக்கு என்ன ஆனது என்று நீ கேட்கலாம். பனிக்காலத்தில் கொழுந்து பறித்துவிட்டு வந்தால் கை மரத்துப்போயிருக்கும் பார், டீ டம்ளரைப் பிடித்தால் சுடுகிறதா இல்லையா என்று கைக்குத் தெரியாது, வாயில் வைத்தால்தான் தெரியும். எனக்கு இப்போது வாயில் வைத்தாலும் தெரிவதில்லை. சிரிக்க வைக்கிறேன், லைனில் எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்கு அது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிக் கேட்கிறது. டீச்சரம்மாவின் கதைகளில் செத்தவருக்கு யாரும் அழவில்லையே என்று வம்பு பேசினவள் நான். அவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கதைகளில் இன்னொரு குறையும் உண்டு. விரலை நீட்டியதோடு புத்தகம் முடிந்துவிடும். மறுநாள் காலை அந்த வீட்டில் யார் எழுந்து அடுப்பு மூட்டினார்கள், யார் முகத்தை யார் பார்த்தார்கள் என்று கொலைக்கார அம்மா ஒரு வரி கூட எழுதவில்லை. நான் அந்தக் காலையில்தான் பதினோரு மாதமாக இருக்கிறேன். இங்கே எல்லா விடையும் தெரியும், ஒன்றாலும் பிரயோஜனம் இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நான் யோக்கியமாக வீட்டிலேயே இருந்துவிட்டேன் என்று நினைக்காதே. பழக்கம் போகுமா? நேற்றைக்கு முந்தின நாள் கேத்திக்குப் போனேன். நீ சொன்னதால் போனேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு. அவர்கள் தோட்டத்தில் கேரட் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு கற்பூர மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நான் இருக்கிற அகலத்துக்கு அந்த மரம் போதவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"அத்தை, அங்க முள்ளுங்க. இப்படி வாங்க" என்று எஸ்தர் தோட்டத்திலிருந்தே கூப்பிட்டாள். கையெல்லாம் சேறு. கழுவும் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய் ஒரு சாக்கை மடித்துப்போட்டு உட்கார வைத்தாள்.

"அவரு அனுப்பிச்சாருங்களா?"

"ஆமா சாமி." பொய் சொல்லத் தெம்பில்லை.

"சனிக்கெழமையப் பத்தித்தானுங்களே?"

நான் கேரட்டைப் பார்த்தேன்.

"ரெண்டு மாசமா சுத்திச் சுத்திக் கேக்கறாருங்க. சாப்டியா, யாரு கூட, பஸ்ஸுல கூட்டமா, எந்தப் பக்கம் உக்காந்தேன்னு. எங்க போறேன்னு மட்டும் கேக்கலீங்க. கேட்டா சொல்லிருவேன். ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க அத்தை, ஆனா திருடியக் கேக்கற மாதிரி கேட்டா எனக்கு வாய் வரமாட்டேங்குது." கைச் சேற்றைத் தொட்டியில் அலசிக்கொண்டே, "உங்களுக்கு வேணா சொல்லட்டுங்களா?" என்றாள்.

கண்ணு, இருபது வருஷம் கடைசி அத்தியாயத்துக்காகக் காத்துக் கிடந்த காது இது. அவள் வாய் அரை அங்குலம் திறந்தும் விட்டது. "வேண்டாம் சாமி, அவன் கேட்டுக்குவான்" என்றேன். பக்கத்தில் அவள் பை திறந்து கிடந்தது. அதையும் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இரண்டு மாதமாகத் தூங்காத முகம். அது யாரால் என்று துப்பறிய எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காதே. இதைப் படித்து முடித்ததும் அவளைக் கூப்பிடு. சிநேகிதன் பார்த்தது, சர்ச் இருக்கிற இடம் எதையும் அடுக்காதே. "சனிக்கிழமை எங்கே போகிறாய்" என்று ஒரே வரி கேள், கேட்டுவிட்டு அவள் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிரு. சொல்வது பிடிக்கவில்லையென்றால் சண்டை போடு. கல்யாணம் வேண்டாம் என்றுகூடத் தோன்றலாம், அதையும் அவளிடமே சொல். ஆனால் நாற்காலி போடாதே. பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ளாதே. அவள் சொல்வதை என்னிடம் வந்து சொல்லவும் வேண்டாம், நான் கேட்கமாட்டேன். அப்பா விஷயத்துக்காக என்னோடு பேச உனக்குப் பிடிக்காமல் போனால் அதுவும் நியாயம்தான். ஆனால் அதை நேரில் வந்து சொல்லு.

புறப்படும்போது கேரட் கழுவும் தொட்டி ஓரத்தில் வழுக்கி ஒரு கால் உள்ளே போய்விட்டது. காலை எடுத்தேன், செருப்பு வரவில்லை. கழுவுகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் தேடினார்கள், அதற்குள் மூட்டை தைத்து லாரி கிளம்பிவிட்டது. ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினேன், கண்டக்டர் என் காலைப் பார்த்துவிட்டு டிக்கெட் கொடுத்தார். இன்று காலை எஸ்தரின் அப்பா மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போன் பண்ணி விசாரித்திருக்கிறார். செருப்பு முதல் ரகக் கேரட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டதாம். நன்றாகக் கழுவியிருந்ததாகச் சொன்னார்கள்.